காற்றைக் கட்டிய மருத்துவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் மிதிவண்டி ஓட்டுவது இன்பமான செயல் அன்று. முதலில் மரச்சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை இருந்தது. பின்னர் இரும்பு வளையத்தின்மேல் கெட்டி ரப்பர் வந்தது. சக்கரத்தின் பாதம் மாறியதே தவிர, கல் பாவிய தெருக்களில் செல்வோரின் முதுகெலும்பு பட்ட பாடு மாறவில்லை. எலும்பை உலுக்கும் வண்டி என்றே அக்கால மிதிவண்டி ஒன்றுக்கு ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர். ஆயினும் பந்தய வீரர்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சக்கரம் மெலிந்தும் கெட்டியாகவும் இருந்தால்தான் வேகம் கிட்டும் என்பது அவர்களது உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் பந்தய வீரரும் அல்லர், பொறியாளரும் அல்லர். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் மருத்துவம் பார்த்தவர்.

ஜான் பாய்டு டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியிலுள்ள டிரெகார்ன் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை அவர். அதனால் தம் உடல்நலம் மென்மையானது என்னும் எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867இல் அயர்லாந்துக்குச் சென்று, முதலில் டவுன்பேட்ரிக்கிலும் பின்னர் பெல்பாஸ்ட் நகரின் மே தெருவிலும் மருத்துவமனை நடத்தினார். அந்நாட்டின் மிகப்பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சனை மணந்தார். ஜீன் என்னும் மகளும் ஜானி என்னும் மகனும் பிறந்தனர். இவ்வளவோடு நின்றிருந்தால், நல்ல மருத்துவர் ஒருவர் வாழ்ந்தார் என்று பெல்பாஸ்ட் நகரத்தார் சில காலம் நினைவு வைத்திருப்பர்.

முற்றத்தில் ஒரு சோதனை

ஜானிக்கு ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. நகரின் கருங்கல் தெருக்களில் அதை ஓட்டிச் செல்லும்போது உடல் குலுங்குகிறது என்பது சிறுவனின் குறை. தந்தையர் பலரும் கேட்டுக் கடந்துபோகும் குறைதான் அது. டன்லப் அதை ஒரு சிக்கலாக எடுத்துக்கொண்டார். மருத்துவத் தொழிலுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்து பழகிய கைகள் அவருடையவை. ரப்பரின் இயல்பும் அவருக்குப் பழக்கமானது.

1887ஆம் ஆண்டு அக்டோபரில் வேலை தொடங்கியது. மெல்லிய ரப்பர்த் தகட்டை வளைத்து ஒட்டிக் குழாயாக்கினார். வட்டமான ஒரு மரப்பலகையின் விளிம்பில் அதைச் சுற்றி, மேலே துணியிட்டு ஆணியடித்துப் பொருத்தினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்றைச் செலுத்தி, பந்தின் வாயைக் கட்டுவது போலவே குழாயின் வாயையும் கட்டினார். மகனின் வண்டியிலிருந்து கெட்டி ரப்பர்ச் சக்கரம் ஒன்றைக் கழற்றி எடுத்து, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் முற்றத்தின் முழு நீளத்தையும் கடக்காமலே சாய்ந்தது. காற்றடைத்த சக்கரமோ எதிர்முனை வரை ஓடி, வாயிலருகே இருந்த தூணில் மோதித் திரும்பியது.

மகனின் உடல் குலுங்காதிருக்கவே டன்லப் வழி தேடினார். கிடைத்ததோ வேகமும் கூட. இது தற்செயல் அன்று. கெட்டிச் சக்கரம் ஒரு சிறு கல்லின்மேல் ஏறும்போது, வண்டியையும் அதில் அமர்ந்தவரையும் சேர்த்தே தூக்குகிறது. தூக்குவதற்குச் செலவான ஆற்றல் முன்னோக்கிய ஓட்டத்துக்குத் திரும்பி வருவதில்லை. அதிர்வாகக் கரைந்து போகிறது. காற்றடைத்த டயர் கல்லின் உருவத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, கடந்தவுடன் பழைய வடிவத்தை அடைகிறது. வண்டி ஏறி இறங்க வேண்டிய தேவையே பெரிதும் குறைகிறது. உடலுக்கு நோவு தந்த அதே அதிர்வுதான் வேகத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது என்பதை அந்த முற்றம் காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜானியின் வண்டிக்குப் புதிய டயர்கள் பொருத்தப்பட்டன. 1888 ஜூலையில் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; டிசம்பரில் அது வழங்கப்பட்டது.

நகைத்தவர்கள் வாங்கினார்கள்

1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்பாஸ்டில் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. உள்ளூர் மிதிவண்டிக் கழகத்தின் தலைவரான வில்லியம் ஹியூம் என்னும் வீரர், டன்லப்பின் டயர் பூட்டிய வண்டியுடன் களத்தில் நின்றார். மெல்லிய சக்கரங்களுக்கு நடுவே பருத்த சக்கரம் ஒன்று நிற்பதைக் கண்டு கூட்டத்தினர் நகைத்தனர். ஹியூம் கலந்துகொண்ட நான்கு மிதிவண்டிப் போட்டிகளிலும் வென்றார். நகைப்பு எப்போது நின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று தோற்றவர்களுள் டப்ளின் நகர வணிகர் ஹார்வி டு குரோவின் மைந்தர்களும் இருந்தனர். மைந்தர்களின் தோல்வியில் தந்தை ஒரு வணிக வாய்ப்பைக் கண்டார். அவ்வாண்டிலேயே டப்ளினில் ஒரு நிறுவனம் உருவாயிற்று. டன்லப் தம் காப்புரிமையை அதற்கு அளித்துப் பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

எனினும் டன்லப்பின் டயரில் பெருங்குறை ஒன்று இருந்தது. அது சக்கர வளையத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆணி குத்திவிட்டால் துணியைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, மீண்டும் ஒட்டிக் காய வைக்க வேண்டும். நகருக்குள் ஓடும் வண்டிக்கு அது தொல்லை. நெடுந்தொலைவுப் பந்தயத்திலோ தோல்வி. 1889இல் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரில், பஞ்சரான இத்தகைய டயர் ஒன்று மிச்செலின் உடன்பிறந்தோரின் பட்டறைக்கு வந்தது. அதைச் சரிசெய்யப் பல மணி நேரமும், காய்வதற்கு ஓர் இரவும் பிடித்தன. எதுவார் மிச்செலின் அதை ஓட்டிப் பார்க்க, சிறிது தொலைவிலேயே மீண்டும் காற்று இறங்கிவிட்டது. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயர் வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1891இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அவ்வாண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. சார்ல் தெரோன் மிச்செலின் டயரையும், ஜியெல் லவால் டன்லப் டயரையும் தேர்ந்தெடுத்திருந்தனர். தெரோனுக்கும் வழியில் பஞ்சர் ஆகாமலில்லை. ஆயினும் சாலையோரத்திலேயே டயரைக் கழற்றிச் சரிசெய்ய முடிந்தது. லவால் உறங்கிய நேரத்தில் அவரைக் கடந்து, 72 மணி நேரத்துக்குள் பாரிசை அடைந்து வென்றார் தெரோன். வெற்றி முழுவதையும் டயருக்கே உரியதாக்குவது உறக்கம் துறந்த அவ்வீரருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால், நெடும்பந்தயத்துக்கு டயரைத் தேர்பவர் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதோடு, பழுதானால் எவ்வளவு விரைவாக மீளலாம் என்பதையும் எண்ண வேண்டும் என்பது அன்று முதல் தெளிவாயிற்று.

டன்லப்பின் ஒட்டும் முறை அதனால் மறைந்துவிடவில்லை. டியூபை உள்ளே வைத்துத் துணி உறையால் தைத்து மூடி, வளையத்தில் பசையால் ஒட்டும் டியூப்லர் டயர் அம்மரபில் வந்ததே. எடை குறைந்தது, காற்று இறங்கினாலும் வளையத்தைவிட்டு எளிதில் கழன்று ஓட்டுநரை வீழ்த்தாது. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தொலைவு மும்முனைப் போட்டியில் இத்தகைய டயரைத் தேர்வோர் பலர் இருந்திருக்கின்றனர். அவர்கள் முன்னரே பசை தடவிய மாற்று டயர் ஒன்றை வண்டியில் கட்டிக்கொண்டு செல்வர். பஞ்சரானால் தையலைப் பிரிப்பதில்லை; பழையதை உரித்தெறிந்து புதியதை ஒட்டுவர். பசை குறைந்தால் வளைவில் டயர் நழுவும்; மிகுந்தால் உரித்தெடுக்க விரல்கள் போராடும். அகலத்திலும் எண்ணம் மாறியுள்ளது. 20 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய டயரில் காற்றை இறுக அடைத்துவந்த வீரர்கள், இன்று 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலமுள்ளதைச் சற்றே குறைந்த அழுத்தத்தில் ஓட்டுகின்றனர். கரடான சாலையில் அதுவே விரைவாக ஓடுகிறது. இறங்கியபின் ஓடவேண்டிய கால்களையும் அது களைப்பிலிருந்து காக்கிறது. பெல்பாஸ்ட் முற்றத்தில் உருண்ட சக்கரம் சொன்னதும் இதுதான்.

உரிமை போயிற்று, பெயர் நின்றது

காப்புரிமை பெற்ற ஈராண்டுக்குள் டன்லப்புக்கு ஓர் இடி காத்திருந்தது. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றிருந்தார். ரப்பர்க் குழாயைத் தோலால் மூடிக் குதிரை வண்டிகளில் பொருத்தி, லண்டனில் ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால், அந்நாளில் மிதிவண்டி பரவியிருக்கவில்லை. ரப்பரும் எளிதில் கிடைக்கவில்லை. உரிய காலத்துக்கு முன்னரே பிறந்த அந்தக் கண்டுபிடிப்பை உலகம் மறந்துவிட்டது. தாம்சனும் 1873இல் மறைந்தார். அவருடைய முயற்சியை அறியாமலேயே டன்லப் தம் டயரைச் செய்திருந்தார். எனினும் சட்டத்தின் முன் முந்தியவரே முந்தியவர். டன்லப்பின் காப்புரிமை செல்லாதென அறிவிக்கப்பட்டது. வேறு சிலரிடமிருந்த துணைக் காப்புரிமைகளை வாங்கி, டு குரோ நிறுவனத்தைக் காத்துக்கொண்டார்.

டன்லப் 1895இல் நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டே அந்நிறுவனம் 30 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. அச்செல்வத்தில் அவர் அடைந்தது சிறிதளவே. பின்னாளில் டப்ளினில் துணி வணிக நிறுவனம் ஒன்றில் பங்கு கொண்டு அமைதியாக வாழ்ந்தார். அவர் பெயரோ அவரை விட்டுப் பிரிந்து உலகெங்கும் சென்றது. தம்மை ஆடம்பர உடையில் காட்டிய டயர் விளம்பரப் படங்களை அவர் எதிர்த்தார்.

நம் ஊர்ப் பழைய மிதிவண்டிகளின் வால்வுக்குள் செருகும் சிறு ரப்பர்க் குழாயைக் கடைக்காரர்கள் வால்டியூப் என்பர். அவ்வகை வால்வுக்குப் பல நாடுகளில் இன்றும் டன்லப் வால்வு என்றே பெயர். அதை உருவாக்கியவர் டன்லப் அல்லர். தாம்சனின் புகழ் தம்மிடம் வந்து சேர்ந்தது போலவே, இன்னொருவரின் உழைப்பும் அவர் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது.

1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் டப்ளினில் டன்லப் இயற்கை எய்தினார். காற்றடைத்த டயர் பிறந்த வரலாற்றை அவரே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் மகள் ஜீன் அதை நூலாக வெளியிட்டார்.