முதல் டாக்டர்

1963ஆம் ஆண்டுக் கோடையில், பிபிசி தொலைக்காட்சியைச் சேர்ந்த இளையவர் இருவர், ஐம்பத்தைந்து வயது நடிகர் ஒருவரை லண்டனில் சந்தித்தார்கள். ஒருவர் 27 வயதுத் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். மற்றவர் லக்னோவில் பிறந்த 24 வயது இயக்குநர் வாரிஸ் உசேன். பெண்ணுக்கும் இந்தியருக்கும் அந்த நிறுவனத்தின் நாடகத் துறையில் எளிதில் இடம் கிடைக்காத காலம் அது. காலவெளியில் பயணிக்கும் மர்ம முதியவரைப் பற்றிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடருக்கு நாயகனைத் தேடி வந்திருந்தார்கள்.

நடிகரின் பெயர் வில்லியம் ஹார்ட்னெல். 1908இல் லண்டனில் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். தந்தை யாரென்று இறுதிவரை அறியாதவர். வறுமையில் திரிந்த சிறுவனைக் கலைப்பொருள் சேகரிப்பாளர் ஹியூ பிளேக்கர் ஆதரித்து ஆளாக்கினார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் சேர்ந்து, மனம் நொடிந்து விடுவிக்கப்பட்டார். அப்படிப்பட்டவருக்குத் திரையுலகம் மீண்டும் மீண்டும் தந்தது, அதட்டும் ராணுவ சார்ஜென்ட் வேடம்! ஒரு வேலையில் பெயர் வாங்கியவருக்கு அந்த வேலையே விலங்காகிவிடும் என்பதைத் தோல் தொழிலைச் சுற்றி வாழும் எங்கள் திமிரிப் பகுதியினர் நன்கறிவர்.

‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ திரைப்படத்தில் அவர் ஏற்ற சிறு முதியவர் பாத்திரம்தான் லாம்பர்ட்டின் கவனத்தை ஈர்த்தது. குழந்தைகள் தொடரா என்று தயங்கிய ஹார்ட்னெல் பின்னர் இணங்கினார். கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதல் பகுதி பலர் கண்ணில் படாமலே போனது. அடுத்த வாரம் மறு ஒளிபரப்புச் செய்ய நேர்ந்தது. டாலெக் என்னும் எதிரிகள் வந்த பிறகே தொடர் நாடெங்கும் பரவியது. விண்கலத்தின் எந்தப் பொத்தான் எதற்கு என்பதில்கூட ஹார்ட்னெல் பிடிவாதமாக இருந்தார். குழந்தைகள் கவனிப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

அவர் முன்கோபி. இனப் பாகுபாடு கலந்த அவரது பேச்சு உடன் நடித்தவர்களை வருத்தியிருக்கிறது. அவரை நாயகனாக்கிய முதல் கதையை இயக்கியவர் ஓர் இந்தியர் என்பதை நினைக்கையில் இந்த முரண் உறுத்தவே செய்கிறது.

நாளடைவில் தமனித் தடிப்பு நோயால் வசனங்கள் நினைவில் நிற்கவில்லை. நாயகன் போனால் தொடரும் போக வேண்டியதுதான் என்னும் நிலையில், தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். 1966 அக்டோபர் 29 அன்று, கதையிலேயே டாக்டர் தளர்ந்து விழ, அவர் முகம் பேட்ரிக் டிரவுட்டனின் முகமாக மாறியது. எங்கள் வட்டாரத் தெருக்கூத்தில் துரியோதனன் வேடத்தை வேறொருவர் கட்டினாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். ஆனால், அந்த ஆள் மாற்றத்தையே கதையாக்கியது புதுமை. அந்தப் பகுதியின் முழுப் பதிவு இன்று பிபிசியின் காப்பகத்தில் இல்லை. விலை மிகுந்த ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அன்றைய சிக்கனம்.

பத்தாம் ஆண்டுச் சிறப்புக் கதைக்காக 1972இல் ஹார்ட்னெலை மீண்டும் அழைத்தார்கள். நிற்க இயலாமல், உட்கார்ந்தபடி அட்டையில் எழுதியதைப் படித்தே நடித்தார். 1975 ஏப்ரல் 23 அன்று காலமானார். அந்த வாரமும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டராக நடித்தவர் நான்காமவர், டாம் பேக்கர்.