மலைவாசிகளின் தளபதி

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திர எல்லை. அங்கிருந்து கல்கத்தா ரெயில் பாதையில் வடக்கே போனால் கோதாவரி ஆறு வரும். ஆற்றுக்கு அப்பால் பெரிய மலைகள், அடர்ந்த காடுகள். வெள்ளையர் காலத்தில் அந்த மலைகளும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன.

அங்கே ஒரு சாமியார் படை திரட்டினார். வெள்ளையர் ஆட்சியைக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கலங்கடித்தார். அவர்தான் அல்லூரி சீதாராம ராஜு.

காவி கட்டிய வாலிபர்

ராஜு 4.7.1897 அன்று பிறந்தார். தந்தை புகைப்படம் எடுப்பவர். ராஜு சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். ராஜுவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. வாலிப வயதில் காவி கட்டினார். வடநாட்டுப் புண்ணியத் தலங்களைச் சுற்றினார். பிறகு மலைவாசிகளிடையே வந்து தங்கினார். குடிக்காதீர்கள், உங்கள் வழக்கைப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார். மக்கள் அவரைத் தெய்வமாக மதித்தார்கள்.

பறிபோன காடு

மலைவாசிகள் காட்டில் ஒரு பகுதியை வெட்டி எரித்து, அந்தப் புனத்தில் பயிர் செய்து வந்தார்கள். 1882-ம் ஆண்டு வந்த வனச்சட்டம் அதற்குத் தடை போட்டது. விறகு எடுத்தாலும் குற்றம்; மாடு மேய்த்தாலும் குற்றம்! போதாக்குறைக்கு, மலைப்பாதை போடும் வேலைக்கும் அவர்களை வற்புறுத்தி இழுத்தார்கள். அரை வயிற்றுக்குக்கூடக் கூலி கிடைக்கவில்லை.

ராஜு காந்தியடிகளிடம் மதிப்பு வைத்திருந்தார். ஆனால், ஆயுதம் இல்லாமல் இந்தக் கொடுமை தீராது என்று முடிவு செய்தார். கண்டம் தொரை, மல்லு தொரை என்ற சகோதரர்கள் அவருக்கு வலக்கையாக நின்றார்கள்.

மூன்று நாளில் மூன்று போலீஸ் நிலையங்கள்

1922 ஆகஸ்டு 22, 23, 24 ஆகிய மூன்று நாட்களில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிபேட்டை, ராஜவொம்மங்கி போலீஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. 26 துப்பாக்கிகளும் 2,500-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் கிடைத்தன. எடுத்தவற்றுக்குக் கணக்கு எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுச் சென்றார் ராஜு!

செப்டம்பர் 24-ந் தேதி தாமனபள்ளி கணவாயில் அவருடைய ஆட்கள் பதுங்கி இருந்தார்கள். முன்னால் வந்த இந்தியச் சிப்பாய்களைப் போகவிட்டார்கள். பின்னால் வந்த இரண்டு வெள்ளை அதிகாரிகளைச் சுட்டு வீழ்த்தினார்கள்.

அதே காலத்தில் லிபியா பாலைவனத்தில் குர்ஆன் ஆசிரியர் உமர் முக்தார், அரபுப் பழங்குடிகளைத் திரட்டி இத்தாலியரை எதிர்த்தார். அவரை 1931-ல் தூக்கிலிட்டார்கள்.

மரத்தடியில் முடிந்த வாழ்வு

ராஜுவைப் பிடிக்க மலபார் போலீசும் அசாம் துப்பாக்கிப் படையும் வந்தன. அவர் தலைக்கு 10,000 ரூபாய் விலை வைத்தார்கள். சோறு கொடுத்தவர்களும் இடம் கொடுத்தவர்களும் சித்திரவதைப்பட்டார்கள்.

1924 மே 7-ந் தேதி ராஜு பிடிபட்டார். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. கொய்யூரில் மரத்தில் கட்டிச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 26. அடுத்த மாதமே கண்டம் தொரையும் பலியானார்.

சிறை சென்ற மல்லு தொரை உயிர் பிழைத்தார். நாடு விடுதலை அடைந்தது. 1952 பொதுத்தேர்தலில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2022-ல் அந்த மலைப்பகுதியைத் தனி மாவட்டமாக்கி, அதற்கு அல்லூரி சீதாராம ராஜுவின் பெயரையே சூட்டினார்கள்.

ராஜு மலையில் பிறந்தவர் அல்ல. காடும் அவருக்குச் சொந்தம் அல்ல. பிறர் பசியைத் தம் பசியாக நினைத்தார். அதற்காகவே உயிரைக் கொடுத்தார்.