ஓருடலில் ஈருயிர் கண்டவர்

ஐரோப்பாவின் பழஞ்சுவர்களிலும் ஓட்டுக்கூரைகளிலும் மரப்பட்டைகளிலும் பொன்மஞ்சள் நிறத்தில் படர்ந்திருக்கும் லைக்கென், சாந்தோரியா பாரியெட்டினா. வெயிலில் ஆரஞ்சு நிறம் மிகுந்தும் நிழலில் பசுமை கலந்தும் தோன்றும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி இட்டால் மஞ்சள் நிறமி செவ்வூதாவாக மாறும். இவ்வாறு அதனை அடையாளம் காண்பது எளிது. ஆனால், அது எத்தகைய உயிர் என்பதைக் கண்டுரைப்பது எளிதாக இருக்கவில்லை. அதனைச் செய்தவர் சைமன் ஷ்வெண்டனர்.

சுவிட்சர்லாந்தின் புக்ஸ் என்னும் ஊரில், 1829ஆம் ஆண்டு, உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றிய பின் உயர்கல்வியை நாடினார். 1856இல் சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றார். மியூனிக் நகரில் தாவரவியல் அறிஞர் நேகலியிடம் உதவியாளராக அமர்ந்து, நுண்ணோக்கியின் வழியே லைக்கென்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்.

லைக்கெனின் உள்ளே நிறமற்ற இழைகளும் பச்சை உயிரணுக்களும் உள்ளன. இழைகளிலிருந்தே பச்சை அணுக்கள் தோன்றுகின்றன என்று அக்கால அறிஞர் பலர் கருதினர். ஷ்வெண்டனரும் முதலில் அவ்வாறே எண்ணினார். தம் கண் கண்டது வேறாக இருந்தபோது, தம் கருத்தையே மாற்றிக்கொண்டார். இழைகள் பூஞ்சை, பச்சை அணுக்கள் பாசி, லைக்கென் தனியுயிர் அன்று என 1867இல் அறிவித்தார்.

எதிர்ப்பு மூண்டது. லைக்கென்களைத் தனியினமாகக் கொண்டு வாழ்நாளெல்லாம் வகைப்படுத்தியோர் இதனை ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையானவர், மேற்கண்ட நிறச்சோதனையை முறைப்படுத்திய பின்லாந்து அறிஞர் நைலாண்டர். அடையாளம் காண்பதில் வல்லவரான அவர், 1899இல் மறையும் வரை புதிய விளக்கத்தை மறுத்தே வந்தார்.

சான்றுகளோ ஷ்வெண்டனர் பக்கமே சேர்ந்தன. ரஷ்ய அறிஞர் இருவர் இம்மஞ்சள் லைக்கெனின் பச்சை அணுக்களைப் பிரித்தெடுத்துத் தனியே வாழச் செய்தனர். 1880களில் பிரெஞ்சு அறிஞர் பொன்னியே, பூஞ்சை வித்துகளைப் பாசியுடன் சேர்த்து வளர்த்து லைக்கெனை உருவாக்கிக் காட்டினார்.

ஷ்வெண்டனர் பூஞ்சையை ஆண்டானாகவும் பாசியை அடிமையாகவும் கருதினார். பின்வந்த அறிஞர்கள் அவ்வுறவை இணைவாழ்வாகக் கண்டனர். பூஞ்சை உறைவிடமும் ஈரமும் தர, பாசி ஒளியால் உணவு சமைக்கிறது. விளக்கம் திருந்தினும் அடிப்படை உண்மை நிலைத்தது. பெர்லினில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய ஷ்வெண்டனர், 1919இல் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். பெயரறிந்த பொருளையும் மீண்டும் உற்றுநோக்கும் துணிவே அவர் அறிவியலுக்கு விட்டுச்சென்ற செல்வம்.