எடிசன் வாங்கிய பல்பு

பல்புக்குப் பேர்போன எடிசனே (1847–1931) ஒரு தடவை நல்லா பல்பு வாங்கியிருக்கார், தெரியுமா மக்களே?

1900 வாக்கில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் சகஜமா ஓடின. புகை கிடையாது. கைப்பிடியைச் சுத்தி ஸ்டார்ட் பண்ற பாடும் கிடையாது. பெரிய தொல்லை, கனமான ஈய பேட்டரிதான். அதுக்குப் பதிலா நிக்கல், இரும்பு, காரக் கரைசல்னு எடிசன் இறங்கினார். முதல்ல விற்ற செல்கள் ஒழுகின. சேமிக்கும் திறனும் குறைந்தது. உற்பத்தியையே நிறுத்திட்டு மறுபடி சோதனைக்கூடத்துக்குள்ள போனார். 1910 வாக்கில் உறுதியான பேட்டரியோட திரும்பி வந்தார். ஆனா அது ஈயத்தைவிட விலை அதிகம், குளிரில் சோர்ந்துவிடும்.

அதுக்குள்ள, முன்னாடி எடிசன் கம்பெனியில் வேலை பார்த்த ஹென்றி ஃபோர்டு, 1908-லேயே மாடல் டி பெட்ரோல் காரை இறக்கிட்டார். 1912-ல் கேடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்தது. கைப்பிடி வேலையைச் செய்தது எது தெரியுமா? ஒரு சின்ன மின்மோட்டாரும், எடிசன் ஒதுக்கின அதே ஈய பேட்டரியும்தான்!

பிறகு ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்யப் பார்த்தார்கள். அது விற்பனைக்கே வரலை. எடிசன் பேட்டரி மட்டும் சுரங்க விளக்குகளிலும் ரயில்வே சிக்னல்களிலும் பல வருஷம் உழைத்தது.

நாளைக்கு நீங்க ஈ-ஸ்கூட்டர் டிசைன் பண்ணா ஞாபகம் வச்சுக்கோங்க: பேட்டரி தாங்கினா மட்டும் போதாது, வாங்குறவங்க பாக்கெட்டும் தாங்கணும்.