கொதித்த வண்டியும் குலையாத நெஞ்சும்
பேர்த்தா பென்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

ஒரு பொருளை ஆக்கியவர் பெயரை உலகம் எளிதில் மறப்பதில்லை. ஆக்கிய பொருள் வழியில் நின்றுவிட்டபோது அதன் நோயறிந்து மீண்டும் நடக்கச் செய்தவரைப் பலகாலும் மறந்துவிடுகிறது. மோட்டார் வண்டியின் வரலாற்றில் கார்ல் பென்ஸ் முதல்வகையினர். அவர் மனைவியாராகிய பேர்த்தா அம்மையார் இரண்டாம் வகையினர்.

ஜெர்மனியின் போர்ட்ஸ்ஹைம் நகரில், 1849ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், ஒரு தச்சுத் தொழிலதிபரின் மகளாகப் பேர்த்தா பிறந்தார். மீண்டும் பெண்ணே பிறந்துவிட்டதென்ற ஏமாற்றத்தைத் தந்தையார் குடும்ப வேதநூலில் எழுதி வைத்தார் என்பர். அச்சிறுமியோ இயந்திரங்கள் இயங்கும் வகையைக் கேட்டறிவதில் தீராத வேட்கை கொண்டு வளர்ந்தாள்.

கையில் பொருளின்றி, நெஞ்சில் கனவு மட்டும் நிறைந்திருந்த கார்ல் பென்ஸுக்கு அவர் 1872இல் மாலையிட்டார். திருமணத்துக்கு முன்னரே தம் சீதனப் பணத்தைப் பெற்று, பட்டறையிலிருந்த கூட்டாளியின் பங்கை மீட்க உதவினார். சீதனம் என்னும் சொல்லின் பாரத்தை நன்கறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இச்செயலின் துணிவை விளக்க வேண்டுவதில்லை. வீடாகவும் நகையாகவும் நின்றிருக்கக்கூடிய பணம் இரும்பாகவும் கரியாகவும் மாறியது. வறுமை பல ஆண்டுகள் நீங்கவில்லை. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், கணவரும் மனைவியும் பட்டறையில் நின்று முயல, அவர்களுடைய இயந்திரம் முதன்முறையாகச் சீராக ஓடிற்று.

1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரப்பட்டது. ஆயினும் வாங்குவார் அரியர். குதிரையில்லா வண்டியை மக்கள் வேடிக்கை பார்த்தனரேயன்றி நம்பவில்லை. கார்லும் தம் படைப்பை நெடுவழியில் விட அஞ்சித் திருத்தங்களிலேயே காலம் கழித்தார். நம்பிக்கையைப் பட்டறைக்குள் இருந்துகொண்டு உண்டாக்க முடியாது என்பதைப் பேர்த்தா உணர்ந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ஒரு காலைப்பொழுதில், கணவரிடம் சொல்லாமல், புதல்வர்களான ஓய்கன், ரிச்சர்ட் இருவருடனும் மன்ஹைமிலிருந்து புறப்பட்டார். போகுமிடம் சுமார் 104 கிலோமீற்றர் தொலைவிலிருந்த தாய்வீடு. மோட்டார் வண்டியில் அத்துணை நெடும்பயணம் அதற்குமுன் எவரும் செய்ததில்லை.

வழியெங்கும் இடர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்றோயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருட்குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் துப்புரவாக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். நீண்ட சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்தார். தேய்ந்த தடைக்கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக்கொண்டு தோல் வைத்தார்.

இவை யாவற்றிலும் ஓயாத தொல்லை வெப்பமே. அவ்வண்டியில் இன்றுள்ள றேடியேற்றர் இல்லை. நீரைச் சுழற்றும் பம்பியும் இல்லை. இயந்திரத்தைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகி, அவ்வாவியோடு வெப்பத்தையும் கொண்டு சென்றது. நீர் உள்ளவரையே இயந்திரத்துக்கு உயிர். ஆகவே கிணறும் ஓடையும் சத்திரமும் கண்ட இடமெல்லாம் நின்று நீர் நிரப்பினர். மேடுகளில் இறங்கித் தள்ளினர். அந்திவேளையில் போர்ட்ஸ்ஹைமை அடைந்து, நலமே வந்துசேர்ந்த செய்தியைக் கணவருக்குத் தந்தியில் அறிவித்தார்.

அவர் கொண்டுவந்த குறைப்பட்டியல் கார்லுக்குப் பொற்குவியலாயிற்று. மேடேறுதற்கு மேலும் ஒரு கியர் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மியூனிக் நகரக் கண்காட்சியில் வண்டி பொற்பதக்கம் பெற்றது.

அம்மையார் சென்ற நெறி நம்மூருக்கும் உரியது. கோப்பாயின் ஊடாகப் பருத்தித்துறை வீதியில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதான நாள்களில், சில துளி பெற்றோலால் உயிரூட்டி மண்ணெண்ணெயில் அவ்வண்டிகளை ஓட்டினர். மருந்துக்கடையில் எரிபொருள் தேடிய அம்மையாரின் கதை நமக்கு அயற்கதையன்று. பெற்றோலுக்கென அமைந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் தட்டும், தட்டினால் சூடேறும். நம் கிணற்று நீரோ சுண்ணாம்புக்கல்லினூடே ஊறிவருவது. கேத்திலின் அடியில் வெண்படிவு விடும் அந்நீர் றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும்.

அன்று கொதித்தல் வண்டியின் இயல்பு. இன்று அது அபாய அறிவிப்பு. வெப்பமானியின் முள் ஏறினால் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அது முற்றும் ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். சூட்டோடு மூடியைத் திறப்பின், அழுத்தத்திலுள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறியபின் நீர்மட்டம் பார்த்தல் முதற்படி. குறைந்திருப்பின் குழாய்ப் பொருத்துகளிலும் பம்பியின் அடியிலும் ஈரம் தேடுதல் அடுத்தபடி. நின்றும் ஊர்ந்தும் செல்லுகையில் மட்டும் சூடேறி, வேகமாக ஓடுகையில் தணிந்தால், விசிறியையோ அதன் பட்டியையோ ஐயுற வேண்டும். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் றேடியேற்றர் அடைப்பை ஐயுற வேண்டும். இயந்திரம் கொதித்தும் மேற்குழாய் சூடேறாதிருப்பின், வெப்ப வால்வு திறக்கவில்லை எனக் கருதலாம். எண்ணெய் பால்போல் வெளுத்தாலோ, வெண்புகை ஓயாது வந்தாலோ, உருளைத் தலையின் காஸ்கெட் பழுதுற்றிருக்கக்கூடும். அப்போது வண்டியை ஓட்டாது கராச்சுக்கு இழுத்துச் செல்வதே அறிவு. நிரப்பும் நீரும், வடித்த நீரோடு உரிய குளிர்திரவம் கலந்ததாக இருத்தல் நன்று.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கண்ணும் காதும் மூக்கும், பதறாத மனமும் போதும். அம்மையாரிடம் இருந்தவையும் இவையே. இடர் வந்த ஒவ்வொரு முறையும் வண்டியைப் பழிக்காது, விதியை நோகாது, காரணம் எது என்று தேடினார். காரணம் கண்டபின் கையிலிருந்த பொருளே கருவியாயிற்று. மாணாக்கனின் பிழையைக் கண்டு சினவாது, பிழை பிறந்த இடத்தைத் தேடும் நல்லாசிரியனின் இயல்பும் இதுவேயன்றோ!

கணவர் 1929இல் மறைந்தபின்னும் அம்மையார் லாடன்பர்க் நகரில் நெடுநாள் வாழ்ந்தார். 1944ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அவருடைய 95ஆவது பிறந்தநாளில், கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ செனற்றர் பெருமையை அளித்தது. இரண்டு நாள் கழித்து, மே 5இல், அவர் காலமானார். மீண்டும் பெண்ணா என்று மனந்தளர்ந்த தந்தையின் ஏட்டுக்கு, வழிநெடுக நீர் தேடி ஓடிய அந்த ஒருநாட் பயணமே விடையாக நிற்கிறது.