கிரேச்சோ மலையில் ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வகுப்புகளில் குடில் பேச்சுத்தான்! வைக்கோல் யார் கொண்டு வருவது, நட்சத்திரம் யார் செய்வது என்று போட்டி போடுகிறோம். நள்ளிரவுத் திருப்பலி வரை தீவனத்தொட்டி வெறுமையாக இருப்பது நமக்குப் பிடிப்பதில்லை. பாலன் சுரூபத்தை முன்னதாகவே வைத்துவிட்டால் என்ன என்று முணுமுணுக்கவும் செய்திருக்கிறோம். ஆனால் தோழியரே, குடில் வழக்கத்தை உலகெங்கும் பரவச் செய்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபமே இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இத்தாலி நாட்டு அசிசியில் 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பிறந்தவர் பிரான்சிஸ். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே பெரிய துணி வணிகர். பட்டாடையும் பாட்டும் விருந்துமாக இளமை கழிந்தது. 1202-இல் பெரூஜியா நகரோடு நடந்த போரில் சிறைப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு அடைபட்டுக் கிடந்தார். அதன்பின் நோய். பழைய இன்பங்கள் கசந்தன. தொழுநோயாளரைக் கண்டு அருவருத்து ஒதுங்கியவர் அவர்களுக்கே பணிவிடை செய்தார். பாழடைந்த ஆலயத்தைப் பழுதுபார்க்கத் தந்தையின் துணிகளை விற்றார். தந்தைக்குக் கோபம் வராமல் இருக்குமா? வழக்கு ஆயரிடம் சென்றது. 1206-இல் ஆயர் முன்னிலையில் பிரான்சிஸ் தம் ஆடைகளைக் களைந்து தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயர் தம் மேலங்கியால் அவரைப் போர்த்தினார். துணிக்கடைக்காரர் மகனுக்கு அன்று உடுக்கத் துணியில்லை!

ஏழையாகப் பிறந்த இறைமகனிடம் அவருக்கு அத்துணை ஈடுபாடு வந்ததில் வியப்பென்ன? ஒருநாள் சகோதரர்களோடு உணவருந்துகையில், மரியன்னை அன்று பட்ட வறுமையைப் பற்றிப் பேச்சு வந்தது. உடனே மேசையை விட்டெழுந்து, வெறுந்தரையில் அமர்ந்து, கண்ணீரோடு தம் அப்பத்தை உண்டு முடித்தாராம். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழா அவருக்கு அழுகை நாளன்று. அது வெள்ளிக்கிழமையில் வந்தாலும் ஒருசந்தி கூடாது, சுவர்களுக்குக்கூட இறைச்சி ஊட்ட வேண்டும் என்பாராம்! அன்று பறவைகளுக்காக வழியெங்கும் தானியம் தூவவும், மாட்டுக்கும் கழுதைக்கும் வயிறார இரை போடவும் பேரரசர் சட்டமியற்ற வேண்டும் என்றும் விரும்பினார்.

1223 நவம்பர் 29-இல் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் அவருடைய சபையின் ஒழுங்குகளை உறுதி செய்தார். அதற்குள் பிரான்சிஸின் உடல் தளர்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில், கிரேச்சோவில் வாழ்ந்த ஜான் என்ற பிரபுவை அழைத்தார். பாலன் இயேசு பிறந்தபோது பட்ட இன்னல்களைக் கண்ணாரக் காண விரும்புவதாகச் சொல்லி, வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டியும் ஓர் எருதும் ஒரு கழுதையும் ஆயத்தம் செய்யக் கேட்டுக்கொண்டார். அவ்வளவே.

அன்றிரவு சுற்றுவட்டார மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி மலையேறி வந்தனர். சகோதரர்களின் பாடலில் காடே எதிரொலித்தது. அந்தத் தீவனத்தொட்டியின் மீதே குரு திருப்பலி நிறைவேற்றினார். சுரூபத்துக்கு அங்கு என்ன தேவை? அப்ப வடிவில் ஆண்டவரே அந்த வைக்கோலின் மேல் வந்துவிட்டாரே! பிரான்சிஸ் குருவல்லர், திருத்தொண்டர். அதற்குரிய உடையணிந்து நற்செய்தியைப் பாடினார். பிறகு மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவது போல இழுத்துச் சொன்னாராம். நம் வகுப்பில் யாரேனும் அப்படிச் சொன்னால் சிரித்திருப்போம். அங்கே எவரும் சிரித்ததாகத் தெரியவில்லை. கூடியிருந்த ஒருவர் காட்சி கண்டார்: தொட்டியில் உயிரற்றது போல ஒரு குழந்தை, பிரான்சிஸ் அருகே செல்ல, உறக்கம் கலைந்தாற்போல் அது விழித்துக்கொண்டது. பலருடைய உள்ளங்களில் மறக்கப்பட்டிருந்த இயேசு அன்று விழித்தெழுந்தார் என்று இதற்குப் பொருள் கூறுகிறார், புனிதரின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா.

மறு ஆண்டு லா வெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றார். 1226 அக்டோபர் 3 மாலை, தாம் கேட்டபடியே வெறுந்தரையில் கிடத்தப்பட்டு உயிர் நீத்தார். இரண்டே ஆண்டுகளில் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

கிரேச்சோ மக்கள் அன்றைய வைக்கோலை எறிந்துவிடவில்லை. பத்திரமாக வைத்திருந்து, தங்கள் மாடுகளுக்கு நோய் கண்டபோதெல்லாம் அதில் சிறிது எடுத்துத் தின்னக் கொடுத்தார்கள்.