அன்னை மீனாம்பாளும் அவர்தம் தோழியரும்

வெள்ளிவிழா மலரில் பெண்மணி ஒருவரின் வரலாறு இடம்பெற வேண்டுமென்று நம் சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. அன்னை மீனாம்பாள் சிவராசின் பெயரை நாம் முன்மொழிந்தபோது, பட்டப்படிப்புப் படித்த இளைஞர் ஒருவர் அவர் யார் என்று வினவினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. சொல்லாதது நம் பிழை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் பாட்டன்மாருள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கூலிகளாய்ச் சென்ற பர்மா நாட்டு இரங்கூனில், 1904-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் மீனாம்பாள் பிறந்தார். தந்தையார் வாசுதேவப் பிள்ளை, பின்னாளில் சென்னைச் சட்டசபையில் ஆதிதிராவிடர் குரலாய் ஒலித்தவர். தாய்வழிப் பாட்டனார் மதுரைப் பிள்ளையோ இரங்கூனில் புகழ்பெற்ற வணிகர், கொடை வள்ளல். ஆகவே வறுமையை அம்மையார் நம்மைப் போல் உடலால் அறிந்தவரல்லர். ஆயினும் செல்வம் எவ்வளவு சேர்ந்தாலும் சாதி ஒட்டிக்கொண்டே வரும் என்பதை அக்குடும்பம் அறிந்திருந்தது.

வழக்கறிஞரும் சட்டக் கல்லூரி ஆசிரியருமான ந. சிவராசை மணந்து சென்னையில் வாழ்ந்தார். 1928-இல் சைமன் குழுவை நாடெங்கும் புறக்கணித்தபோது, ஒடுக்கப்பட்டோர் குறைகளை அக்குழுவின் முன் வைக்க வேண்டுமென்று மேடையேறிப் பேசினார். அதுவே அவரது முதற் பொதுப்பேச்சு என்பர். கௌரவ மாஜிஸ்திரேட், பல்கலைக்கழகச் செனட் உறுப்பினர் எனப் பின்னர் வந்த பதவிகள் பல. அவற்றை அடுக்குவதைவிட அவர் தேடிக்கொண்ட தோழியரைப் பற்றிச் சொல்வதே நமக்கு விருப்பம்.

அத்தோழியருள் முதலில் நிற்பவர் டாக்டர் தருமாம்பாள். தஞ்சையை அடுத்த கருந்தட்டான்குடியிற் பிறந்தவர், சித்த மருத்துவர், மீனாம்பாளினும் 14 ஆண்டு மூத்தவர். மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் மற்றொருவர். மூன்றாமவர் நம் பக்கத்தவர்: மாயூரத்தை அடுத்த மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையின் கொடுமையை அனுபவித்து, அதனை ஒழிக்கவே வாழ்நாளைச் செலவிட்டவர். 1938-இல் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, 55 வயதில், திருச்சியிலிருந்து சென்னை வரை தமிழர் படையோடு நடந்தார்.

வெவ்வேறு குலம், வயது, துன்பம். அந்நாளில் இவர்கள் ஒரே மேடையில் அமர்ந்ததே பெரிய செய்தியாகும். 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னை ஒற்றைவாடைக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. நீலாம்பிகையார் தலைமை வகித்தார். ஈ. வெ. இராமசாமியைப் பெரியார் என்றே இனி அழைத்தல் வேண்டுமென்று அங்கேதான் தீர்மானித்தனர். இன்று அப்பெயரைச் சொல்லாத நாவில்லை. அதனை வழங்கிய பெண்களின் பெயரையோ, அவருள் நம் இனத்துப் பெண்மணி ஒருவர் இருந்ததையோ சொல்லும் நாக்கள் சில.

மறுநாளே தருமாம்பாளும் இராமாமிர்தம் அம்மையாரும் வேறு மூவரும் மறியல் செய்து சிறை புகுந்தனர். அவ்வைவருள் மீனாம்பாள் இல்லை. தோழி சிறை சென்றால் தானும் செல்வதே நட்பென்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அவரவர் நிற்குமிடம் வேறாயினும் நட்பு நிற்கும். அப்போராட்டத்தில் சிறைப்பட்டு முதலில் உயிர்நீத்த நடராசன் நம் இனத்து இளைஞர் என்பதையும், அடுத்து மறைந்த தாளமுத்து நம் கும்பகோணத்தவர் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

அதே நவம்பர்த் திங்களில், கடல்கடந்த அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றையும் நம் பெண்கள் அறிதல் நலம். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் ஒரு மாநாடு. வெள்ளையர் ஒருபுறம், கறுப்பர் ஒருபுறம் அமர வேண்டுமென்று காவலர் ஆணையிட்டனர். அங்கு வந்திருந்தவர் மேரி மெக்லியோட் பெத்யூன். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, மீனாம்பாள் பிறந்த அதே 1904-இல், ஒன்றரை டாலரை முதலாக வைத்து, ஐந்து சிறுமியருக்குப் பள்ளி தொடங்கியவர். அவர்தம் தோழி எலினார், குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் துணைவியார், கறுப்பர் பக்கம் அமர்ந்தார். எழுந்து போகச் சொன்னபோது, இரு பக்கங்களுக்கும் இடையே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அம்மாநாட்டிலேயே தலைமை வகித்த வெள்ளைப் பெண்மணி பெத்யூனை வெறும் பெயரால் அழைக்க, திருமதி என்ற அடைமொழி சேர்த்தே தம்மை அழைக்க வேண்டுமென்று அவர் நிமிர்ந்து கூறினார். நரைத்த தலையுடைய நம் பாட்டியரை மிராசுதார் வீட்டுச் சிறுவன் ஒருமையில் அழைத்த காலத்தைக் கண்ட நமக்கு, அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய எலினாரும், பெத்யூனைத் தழுவி முத்தமிடத் தொடக்கத்தில் தம் உள்ளம் தயங்கியதென்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பழகப் பழகவே அது மறைந்தது.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1942-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்புத் தோன்ற, சிவராசு அதன் தலைவரானார். மீனாம்பாளின் பாதை அன்றே தெளிவாயிற்று. 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னை வந்தபோது கூட்டமைப்பின் மாதர் மாநாட்டிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். அதே வருகையின்போதுதான் நீதிக்கட்சியின் தவறுகளை அண்ணல் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். தோழியரின் இயக்கங்களுக்கிடையே உரசல் இருந்ததை மறைத்து எழுதுவது வரலாறாகாது. பார்ப்பனரல்லாதார் அனைவரும் ஒன்றே என்று மேடையில் சொல்வது எளிது. சேரிக்குள் வந்து உண்பது அத்துணை எளிதன்று. மீனாம்பாள் தம் மக்களுக்கென்று தனிமேடை கண்டார்; தருமாம்பாள் தமிழாசிரியரின் ஊதியத்திற்கென்று இழவு வாரம் அறிவித்துப் போராடி வென்றார். அண்ணலோ மீனாம்பாளைத் தங்கையாகவே கருதினார். பம்பாயில் தம் கையாலேயே சமைத்து அவருக்கு விருந்திட்டார்.

உண்பது பற்றிச் சொன்னதால் நம் ஊர்ச் செய்தியொன்றும் எழுதவேண்டியதாயிற்று. திருவிடைமருதூரில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த பெண்கள், தைப்பூசத் தேரைக் கைகோத்துக்கொண்டு பார்த்த பெண்கள், நம் தெருவில் தோழிக்குத் திருமணமென்றால் வருகின்றனர், மொய் எழுதுகின்றனர், பந்தி விரிக்குமுன் பேருந்துக்கு நேரமாயிற்றென்று புறப்படுகின்றனர். பேருந்து அரைமணிக்கொருமுறை உண்டு என்பது இருவருக்கும் தெரியும். எல்லோரும் அப்படியல்லர். சென்ற ஆண்டு ஒரு பெண் இலைமுன் அமர்ந்து, இரசத்திற்கு மறுசோறும் கேட்டு உண்டதை நாம் கண்டோம். மணப்பெண் கண்கலங்கினாள்.

தருமாம்பாள் 1959-இல் மறைந்தார். இராமாமிர்தம் அம்மையார் 1962-இலும், சிவராசு 1964-இலும் பிரிந்தனர். மீனாம்பாள் நெடுங்காலம் தனித்திருந்து, 1992 நவம்பர் 30-ஆம் நாள் தம் 87-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் நம் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கிய திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரைத் தாங்கியது. கைம்பெண் மறுமண உதவிக்கு அரசு இட்ட பெயர் தருமாம்பாள் அம்மையாருடையது. அவ்விண்ணப்பங்களை நிரப்ப நம் சங்கத்திற்கு வரும் பெண்களிடம், அப்பெயருக்குரியோருடன் ஒற்றைவாடைக் கொட்டகையில் அமர்ந்திருந்த நம் அம்மையாரைப் பற்றியும் இனிச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.